காலம் குறுக்கும் தெரிவுகள்: விழித்திரை நரம்புச் செல்கள் உருவாகும் விதம்

மனிதக் கண்ணின் பின்சுவரை உட்புறமாகப் போர்த்தியிருக்கும் விழித்திரையின் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். அந்த மெல்லிய படலத்துக்குள் மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்கள் சுமார் 9.2 கோடி இருக்கின்றன. பகலொளியையும் நிறத்தையும் உணரும் கூம்பு செல்கள் சுமார் 46 லட்சம். திரட்டிய செய்தியைப் பார்வை நரம்பு வழியாக மூளைக்கு அனுப்பும் கேங்லியான் செல்கள் ஏறக்குறைய பத்து லட்சம். இடையில் நின்று செய்தியை வடிகட்டித் தருபவை கிடைமட்ட செல்கள், இருமுனை செல்கள், அமாக்ரைன் செல்கள் ஆகிய மூன்று வகை நரம்புச் செல்கள். இவற்றுக்கெல்லாம் தாங்கலாக முல்லர் கிளியா செல்கள் விழித்திரையை ஊடுருவி நிற்கின்றன. ஆக ஏழு பெரும் வகைகள். கருவில் இந்த ஏழும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் முன்னோடிச் செல்களின் ஒற்றை அடுக்கிலிருந்து பிறக்கின்றன. ஒரே மரபணுத் தொகுதியைச் சுமக்கும் இரண்டு உடன்பிறப்புச் செல்களில் ஒன்று குச்சி செல்லாகவும் மற்றொன்று இருமுனை செல்லாகவும் ஆவது எதனால் என்பது வளர்ச்சி உயிரியலில் நெடுநாள் நீடித்த கேள்வி.

கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு முடிவுக்கு வரலாம். விழித்திரையின் ஒழுங்குக்கு ஒவ்வொரு செல்லும் தன் எதிர்காலத்தை முன்கூட்டியே அறிந்திருக்கத் தேவையில்லை. எந்த நேரத்தில் எந்தெந்த வகைகள் சாத்தியம் என்பதை முன்னோடிச் செல்லுக்குள் ஓடும் காலக்கணக்கு வரையறுக்கிறது. அந்த வரையறைக்குள் எது என்பதைப் பெருமளவு தற்செயல் தீர்மானிக்கிறது. அக்கம்பக்கச் செல்கள் எண்ணிக்கையைத் திருத்துகின்றன. எடுத்த முடிவை மரபணுக்கள் பூட்டுகின்றன. இந்த நான்கில் காலத்துக்கே முதலிடம் என்பது இக்கட்டுரையின் வாதம். இழந்த பார்வையை மீட்க விழித்திரையில் புதிய நரம்புச் செல்களை வளர்க்க முயலும் மருத்துவம் இந்த வரிசையை மறந்தால் தடுமாறும் என்பதும் அதிலிருந்தே கிடைக்கும் முடிவு.

விழித்திரைச் செல்களின் உருவங்களை முதலில் துல்லியமாக வரைந்து வகைப்படுத்தியவர் ஸ்பெயின் நாட்டின் சான்டியாகோ ரமோன் இ கஹால். முதுகெலும்புள்ள விலங்குகளின் விழித்திரை பற்றிய அவரது பெருநூல் 1890களின் தொடக்கத்தில் வெளிவந்தது. உருவம் தெரிந்தது, பிறந்த நேரம் தெரியவில்லை. அதைக் காட்டியவர் ரிச்சர்ட் சிட்மேன். டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது செல் பயன்படுத்தும் தைமிடின் என்ற மூலப்பொருளில் கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றி, எலிகளுக்கு வெவ்வேறு நாட்களில் செலுத்தினார். கடைசிமுறையாகப் பிரியவிருக்கும் செல் அந்தக் கதிரியக்கக் குறியை ஏற்றுக்கொண்டு, பிறகு பிரியாமல் நின்றுவிடும். குறி கரையாமல் அதனுள் தங்கிவிடும். தொடர்ந்து பிரியும் செல்லிலோ குறி பாதி பாதியாகத் தேய்ந்துபோகும். 1961இல் அவர் வெளியிட்ட முடிவுகளும் பின்னர் பல விலங்குகளில் நடந்த ஆய்வுகளும் ஒரே வரிசையைச் சொல்கின்றன. கேங்லியான் செல்கள் முதலில் பிறக்கின்றன. கூம்பு, கிடைமட்ட, அமாக்ரைன் செல்கள் முற்பகுதியில் வருகின்றன. குச்சி செல்களின் பெரும்பகுதியும் இருமுனை செல்களும் முல்லர் கிளியாவும் பிற்பகுதிக்கு உரியவை. எலிக்கு இந்த வேலை மூன்று வாரங்களில் முடிகிறது, மனிதக் கருவுக்கு மாதக்கணக்கில் ஆகிறது. கால அளவு இத்தனை மாறியும் வரிசை மாறுவதில்லை.

வரிசை இருக்கிறது என்பதால் மட்டும் காரணம் காலம்தான் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு மாற்று விளக்கங்கள் இருந்தன. முதலாவது வம்சாவளி. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற நுண்புழுவில் கருமுட்டை முதல் முதிர்ந்த உடல் வரை ஒவ்வொரு செல்லின் தாய், பாட்டி உறவையும் ஜான் சல்ஸ்டனும் சகாக்களும் வரைந்து முடித்தார்கள். எந்தத் தாயிலிருந்து எந்த மகள் பிறக்கும் என்பது புழுவுக்குப் புழு அநேகமாக மாறுவதே இல்லை. விழித்திரையிலும் குச்சி செல்களுக்கு ஒரு மூதாதை, அமாக்ரைன் செல்களுக்கு வேறொரு மூதாதை என்று இருந்தால், பிறப்பு வரிசை அந்த மூதாதையர் விழித்தெழும் வரிசையாக மட்டுமே இருக்கும். இரண்டாவது விளக்கம் சூழல். செல்லுக்கென்று சொந்தக் கணக்கு எதுவும் கிடையாது, சுற்றியுள்ள செல்கள் அனுப்பும் வேதிச் சமிக்ஞையைப் பொறுத்தே அது எதுவாகவும் ஆகும் என்பது இதன் சாரம்.

வம்சாவளி விளக்கத்தை வீழ்த்திய சோதனை 1987இல் வெளியானது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் டேவிட் டர்னரும் கான்ஸ்டன்ஸ் செப்கோவும் பெருக்கமடைய முடியாதபடி திருத்திய ஒரு ரெட்ரோவைரஸை எடுத்துக்கொண்டார்கள். அது பிரிந்துகொண்டிருக்கும் செல்லின் டிஎன்ஏவில் மட்டுமே நுழையும். நுழைந்தபின் வேறு செல்லுக்குத் தாவாது. அந்தச் செல்லின் வாரிசுகளுக்கு மட்டும் போய்ச்சேரும். வைரஸுக்குள் வைத்திருந்த பாக்டீரியா மரபணு, உரிய வேதிப்பொருளைச் சேர்த்ததும் செல்லை நீலமாக்கும். பிறந்த எலிக்குட்டிகளின் கண்ணுக்குள் மிகக் குறைவான வைரஸைச் செலுத்தி, சில வாரங்கள் கழித்து விழித்திரையைச் சாயமேற்றிப் பார்த்தபோது, சாயமேறாத பரப்பின் நடுவே ஒன்றுக்கொன்று எட்டத்தில் சிறுசிறு நீலத் தூண்கள் நின்றன. ஒவ்வொரு தூணும் ஒரே முன்னோடிச் செல்லின் குடும்பம். சிலவற்றில் குச்சி செல்கள் மட்டும். சிலவற்றில் குச்சி செல்லும் இருமுனை செல்லும், வேறு சிலவற்றில் நரம்புச் செல்லோடு முல்லர் கிளியாவும் சேர்ந்திருந்தன. கருப் பருவ எலிகளில் இதே முறையைக் கையாண்ட 1990ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டே செல்கள் கொண்ட குடும்பத்தில்கூட இரண்டும் வெவ்வேறு வகையாக இருந்ததைக் காண முடிந்தது. கடைசிப் பிரிவு வரையிலும் முன்னோடிச் செல்லின் கை கட்டப்படவில்லை என்பது இதன் பொருள்.

தவளையிலும் அதே பதில்தான். 1988இல் கிறிஸ்டின் ஹோல்ட், வில்லியம் ஹாரிஸ் முதலியோர் ஒரு குழுவாகவும், ரிச்சர்ட் வெட்ஸும் ஸ்காட் ஃப்ரேசரும் இன்னொரு குழுவாகவும், தவளைக் கருவின் கண் அரும்பிலுள்ள தனிச் செல்லுக்குள் நிறக்குறியைச் செலுத்திப் பின்தொடர்ந்தார்கள். ஒரே செல்லின் வாரிசுகள் எல்லாப் பெரும் வகைகளிலும் பரவியிருந்தன. புழுவின் வழி விழித்திரையின் வழியல்ல என்பது அந்த இரண்டே ஆண்டுகளில் முடிவாகிவிட்டது. அப்படியானால் எஞ்சியிருந்தது சூழல் விளக்கம். எதுவாகவும் ஆகக்கூடிய செல்லுக்கு யாரோ வழிகாட்டத்தானே வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. அக்காலத்து ஆய்வாளர் பலரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

சூழலே காரணம் என்றால், இளம் செல்லை முதிர்ந்த செல்களிடையே வைத்தால் அது முதிர்ந்தவற்றைப் போலவும், முதிர்ந்ததை இளையவற்றிடையே வைத்தால் இளையதைப் போலவும் நடக்க வேண்டும். வாட்டநபேயும் மார்ட்டின் ராஃபும் 1990இல் இதைச் சோதித்தார்கள். எலிக் கருவின் இளம் விழித்திரைச் செல்களை, பிறந்த குட்டியின் ஏராளமான விழித்திரைச் செல்களோடு கலந்து வளர்த்தார்கள். இளம் செல்களிலிருந்து குச்சி செல்களாக ஆனவற்றின் விகிதம் பல மடங்கு கூடியது. ஆனால் முதல் குச்சி செல் தோன்றும் நாள் முன்னே வரவில்லை. சமிக்ஞை காதில் விழுந்தாலும், உரிய நாள் வரும்வரை செல் அதற்குச் செவிசாய்க்கவில்லை. எதிர்த்திசைச் சோதனையை செப்கோவின் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. பிறந்த எலிக்குட்டியின் முன்னோடிச் செல்களை இளங்கருவின் செல்களிடையே வைத்தபோது அவை முற்பகுதிக்குரிய செல் வகைகளுக்குத் திரும்பவில்லை. குச்சி செல்கள் குறைந்து இருமுனை செல்கள் கூடின. இரண்டுமே பிற்பகுதிக்கு உரியவை. சாத்தியமான வகைகளின் பட்டியலுக்குள் பங்கீட்டைச் சூழல் மாற்றியது, பட்டியலைத் தொடவில்லை.

இன்னும் கடுமையான சோதனையை மிஷெல் கயூவெட், பென் பாரெஸ், மார்ட்டின் ராஃப் ஆகியோர் 2003இல் செய்தார்கள். எலியின் முன்னோடிச் செல்களைப் பிரித்தெடுத்து, ஒன்றையொன்று தொட முடியாத தொலைவில் தட்டில் தனித்தனியே வளர்த்தார்கள். அண்டை அயல் இல்லாமல் தனித்து வளர்ந்த அந்தச் செல்களின் குடும்பங்கள் அளவிலும் வகை விகிதத்திலும், விழித்திரைத் துண்டுக்குள் வளர்ந்த குடும்பங்களை வெகுவாக ஒத்திருந்தன. வழிகாட்டும் அயலார் இல்லாமலேயே செல் தன் வேலையை முடித்துவிடுகிறது.

அப்படியென்றால் அயலாருக்கு வேலையே இல்லையா? இந்த ஆட்சேபம் வலுவானது, அதற்குச் சான்றும் உண்டு. 1986இல் தாமஸ் ரேயும் டல்லியும் தவளைத் தலைப்பிரட்டையின் விழித்திரையில் டோபமைன் சுரக்கும் அமாக்ரைன் செல்களை மட்டும் நச்சுப்பொருளால் அழித்தார்கள். விழித்திரையின் விளிம்பில் புதிதாகப் பிறந்துகொண்டிருந்த செல்களிடையே அதே வகையின் எண்ணிக்கை உயர்ந்து இழப்பை ஈடுகட்டியது. வரிக்குதிரை மீனில் இன்னும் நுட்பமான சான்று 2005இல் கிடைத்தது. அட்டோ7 என்ற மரபணு விழித்துக்கொண்ட முன்னோடிச் செல் சாதாரணமாகப் பிரியும்போது, ஒரு மகள் கேங்லியான் செல்லாகவும் மற்றது வேறொன்றாகவும் ஆகும். கேங்லியான் செல்களே இல்லாத பிறழ்வு மீனுக்குள் அதே செல்லைப் பெயர்த்து வைத்தபோது இரண்டு மகள்களுமே கேங்லியான் செல்களாயின. ஆக, ஏற்கெனவே பிறந்த கேங்லியான் செல்கள் ‘போதும்’ என்று தடுப்பதுண்டு. ஆனால் இத்தகைய சான்றுகளில் தெரிவது எண்ணிக்கைத் திருத்தம். அந்த நேரத்தில் சாத்தியமாக இருந்த வகைகளுக்குள்தான் கூட்டலும் கழித்தலும் நடக்கின்றன. கேங்லியான் செல்களின் பருவம் கடந்த முன்னோடிச் செல்லை வெறும் வெற்றிடத்தைக் காட்டி அந்த வகைக்குத் திருப்பிவிட முடிவதில்லை.

இதையெல்லாம் தொகுத்து 1996இல் செப்கோவும் சகாக்களும் ‘திறன் மாதிரி’ ஒன்றை முன்வைத்தார்கள். முன்னோடிச் செல் காலப்போக்கில் ஒரு திறன் நிலையிலிருந்து அடுத்ததற்கு நகர்கிறது. ஒவ்வொரு நிலையிலும் சில வகைகளை மட்டுமே அதனால் பெற முடியும். அந்த நகர்வு பெரும்பாலும் செல்லுக்குள்ளிருந்தே நடக்கிறது. அன்று இது சோதனை முடிவுகளிலிருந்து பெற்ற அனுமானம், அதை இயக்கும் மூலக்கூறுகள் தெரியாது. 2008இல் கயூவெட்டின் குழு அந்த மூலக்கூறுகளில் முதலாவதைக் கண்டுபிடித்தது. இகாரோஸ் என்ற படியெடுத்தல் காரணி இளம் முன்னோடிச் செல்களில் இருக்கிறது, முதிர்ந்தவற்றில் இல்லை. அதை நீக்கினால் முற்பகுதி வகைகள் குறைகின்றன, பிற்பகுதி வகைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. முதிர்ந்த முன்னோடிச் செல்லுக்குள் அதைத் திணித்தால், தாண்டிவந்த பருவத்தின் வகைகளைப் பெறும் திறன் மீள்கிறது. பழ ஈயின் நரம்புத் தாய்ச்செல்களில் இதே முதற்பருவ வேலையைச் செய்யும் ஹன்ச்பேக் என்ற காரணி இகாரோஸுக்கு உறவு. 2015இல் பிற்பகுதிக்கு உரிய காஸ்1 வந்தது. அதற்கும் பழ ஈயில் ஒத்த காரணி உண்டு. 2019இல் சேத் பிளாக்ஷாவின் குழுவினர் எலி விழித்திரையில் தனிச் செல்களின் ஆர்என்ஏவைப் படித்து, என்எஃப்ஐ குடும்பக் காரணிகளைக் கடைசிப் பருவத்தின் காவலர்களாக அடையாளம் கண்டார்கள். அவற்றை நீக்கினால் இருமுனை செல்களும் முல்லர் கிளியாவும் உருவாகாமல் முன்னோடிச் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. காலக்கணக்கு இப்போது பெயர் தெரிந்த மூலக்கூறுகளால் ஆன ஒன்று.

அந்தக் கணக்கு உடலுக்கு வெளியிலும் ஓடுகிறது என்பதை ஜப்பானின் ரிக்கென் ஆய்வகம் காட்டியது. யோஷிகி சசாயின் குழு 2011இல் எலியின் கருக் குருத்தணுக்களைத் திரவத்தில் மிதக்கவிட்டது. அவை தாமாகவே மடிந்து கண் கிண்ணத்தின் வடிவத்தை எடுத்து, அடுக்கடுக்கான விழித்திரைத் திசுவாக வளர்ந்தன. அடுத்த ஆண்டு மனிதக் குருத்தணுக்களிலும் அது நடந்தது. தாயின் கருப்பை இல்லை, மூளை இல்லை, ரத்த ஓட்டம் இல்லை; ஆயினும் செல் வகைகள் பிறக்கும் வரிசை கருவில் உள்ளதைப் பின்பற்றியது. எலித் திசு வாரங்களில் முடித்ததை மனிதத் திசு மாதங்கள் எடுத்துக்கொண்டு முடித்தது. தட்டும் ஊட்டத் திரவமும் கிட்டத்தட்ட ஒன்றே என்றால், இந்த வேக வேறுபாடு செல்லுக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

காலம் பட்டியலைத் தருகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு குறிப்பிட்ட செல் பட்டியலிலிருந்து எதை எடுக்கும் என்ற கேள்வி நிற்கிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், இருபது நாள் வயதுள்ள எலிக் கருவின் முன்னோடிச் செல்களைத் தனித்தனியே வளர்த்து, நாட்கணக்கில் தொடர்ந்து படமெடுத்து, ஒவ்வொன்றின் வம்ச மரத்தையும் வரைந்தார்கள். ஒரு மரம் இன்னொன்றைப் போல இல்லை. சில செல்கள் ஒருமுறை பிரிந்து நின்றன, சில பலமுறை பிரிந்தன. ஆனால் எல்லா மரங்களையும் ஒன்றாகக் கணக்கிட்டால், ஒவ்வொரு பிரிவிலும் நிலையான நிகழ்தகவுகளோடு தாயக்கட்டை உருட்டியதுபோன்ற எளிய கணித மாதிரி பெரும்பாலும் பொருந்தியது. குச்சி செல் விழும் வாய்ப்பு மிக அதிகம், மற்றவற்றுக்குக் குறைவு. முந்தைய உருட்டல் அடுத்ததைக் கட்டுப்படுத்துவதில்லை. 2012இல் ஹாரிஸின் கேம்பிரிட்ஜ் குழு, உயிருள்ள வரிக்குதிரை மீன் கருவுக்குள்ளேயே இதைப் பார்த்தது. குடும்பங்களின் அளவும் உள்ளடக்கமும் பெரிதும் வேறுபட்டன, முழு விழித்திரையோ மீனுக்கு மீன் ஒன்றுபோல் இருந்தது. பிரிவதா நிற்பதா என்பதற்கான நிகழ்தகவு பருவத்துக்குப் பருவம் மாறுவதாகக் கொண்டால் போதும், இரண்டு உண்மைகளும் ஒரே மாதிரியில் அடங்கின.

இங்கே ஒரு தத்துவ ஆட்சேபம் எழும். தற்செயல் என்பது நம் அறியாமைக்கு வைத்த பெயர்தானே, இன்னும் நுணுகிப் பார்த்தால் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் தெரியவராதா? ஓரளவுக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. 2012இல் செப்கோவின் குழு ஒலிக்2 என்ற காரணியைக் காட்டும் முன்னோடிச் செல்களைத் தனியே தொடர்ந்தது. கருப் பருவத்தில் அவை கடைசியாகப் பிரியும்போது கூம்பு செல்லையும் கிடைமட்ட செல்லையும் மட்டுமே தந்தன. பிறந்த பின்பு அதே காரணியுள்ள செல்கள் பெரும்பாலும் குச்சி செல்லையும் அமாக்ரைன் செல்லையும் தந்தன. எல்லாம் ஆகக்கூடிய செல் கடைசிப் பிரிவை நெருங்கும்போது சாய்மானம் பெறுகிறது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சான்று எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். ஒரே காரணி, இரண்டு பருவங்களில் இரண்டு வெவ்வேறு இணைகளைத் தருகிறது. அதன் பொருளை நிர்ணயிப்பது பருவம்தான். எந்த முன்னோடிச் செல் ஒலிக்2 பாதைக்குள் விழும் என்பதை முன்கூட்டிச் சொல்லவும் அது உதவுவதில்லை. தற்செயல் ஒரு படி பின்னே தள்ளப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

‘தலைமை மரபணு’ என்ற எண்ணம் அடுத்த ஆட்சேபம். பாக்ஸ்6, அட்டோ7, என்ஆர்எல் போன்றவை செல்லின் தலைவிதியை எழுதுவதாக ஊடகங்களில் படிக்கிறோம். அட்டோ7 இல்லாத எலியில் கேங்லியான் செல்களில் பெரும்பாலானவை தோன்றுவதில்லை, வரிக்குதிரை மீனில் ஒன்றுமே தோன்றுவதில்லை. ஈரானின் குர்து இனக் குடும்பங்கள் சிலவற்றில் பிறவிப் பார்வையின்மைக்குக் காரணம் இந்த மரபணுவிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி அழிந்ததுதான் என்று 2011இல் தெரியவந்தது. இத்தனை முக்கியமான மரபணு விழித்துக்கொண்ட செல்களும் கேங்லியான் செல்லாக மட்டும் ஆவதில்லை; கூம்பு, கிடைமட்ட, அமாக்ரைன் செல்களாகவும் ஆகின்றன. அட்டோ7 கதவைத் திறக்கிறது, உள்ளே தள்ளுவதில்லை. பாக்ஸ்6ஐ முன்னோடிச் செல்களிலிருந்து நீக்கியபோது அமாக்ரைன் செல்கள் மட்டுமே கிடைத்தன என்று 2001இல் அறிந்தோம். எனவே அது எந்த ஒரு வகைக்கும் தலைமை தாங்குவதாகச் சொல்ல முடியாது, பல வகைகளாகும் திறனைக் காப்பதே அதன் பணி. என்ஆர்எல் வேறு இனம். அது இல்லாத எலியில் குச்சி செல்களாக வேண்டியவை எல்லாம் நீல ஒளிக்குரிய கூம்பு செல்களாகிவிட்டன என்று ஆனந்த் ஸ்வரூப்பின் குழு அதே ஆண்டில் காட்டியது. அது பூட்டு. செல் பிரிவதை நிறுத்திய பிறகு, எடுத்த முடிவைக் கலையாமல் வைத்திருப்பது அதன் வேலை. திறப்பு, திறன் காப்பு, பூட்டு என மூன்று வேறு பணிகளை ‘தலைமை’ என்ற ஒரே சொல்லில் அடைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

மனிதக் கூம்பு செல்களில் காலமும் தற்செயலும் கைகோத்து நிற்பதைப் பார்க்கலாம். நீல ஒளிக்குரிய கூம்பு செல்கள் முதலில் பிறக்கின்றன, சிவப்புக்கும் பச்சைக்கும் உரியவை பின்னர். ராபர்ட் ஜான்ஸ்டனின் குழு 2018இல் மனித விழித்திரைத் திசுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, இந்த மாற்றத்தை நிகழ்த்துவது தைராய்டு ஹார்மோன் என்று நிறுவியது. ஹார்மோன் வெளியிலிருந்து வருவது, எனவே சூழலே காரணம் என்று தோன்றலாம். ஆனால் தொடக்கத்தில் ஹார்மோனைச் சிதைக்கும் நொதியையும், பிற்பாடு அதைச் செயல்படவைக்கும் நொதியையும் விழித்திரையே சுரக்கிறது. வெளிச் சமிக்ஞைக்கு எப்போது கதவு திறப்பது என்பதை உள்ளிருக்கும் காலம்தான் முடிவுசெய்கிறது. அடுத்த படி, சிவப்பா பச்சையா என்பது. எக்ஸ் குரோமோசோமில் அருகருகே இருக்கும் இரண்டு மரபணுக்களில் ஒன்றை ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி பிடித்துக்கொள்வதாகவும், எதைப் பிடிக்கும் என்பது தற்செயல் என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. 1999இல் ரூர்டாவும் வில்லியம்ஸும் உயிருள்ள மனிதக் கண்ணுக்குள் கூம்பு செல்களைத் தனித்தனியே படமெடுத்தபோது, இயல்பான நிறப்பார்வை கொண்ட இருவரில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்டச் சமமாகவும், மற்றவருக்குச் சிவப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகவும் இருந்தன. 2024இல் ஜான்ஸ்டனின் குழு, தொடக்க காலத்து ரெட்டினாயிக் அமிலம் தேர்வைப் பச்சைப் பக்கம் சாய்க்கிறது என்று காட்டியது. முழுத் தற்செயல் என்று நினைத்த இடத்திலும் காலம் சாய்மானம் தருகிறது.

தற்செயலுக்கு இத்தனை இடம் கொடுத்தால் விழித்திரையின் சீரான அமைப்பை எப்படி விளக்குவது? இதற்கு இரண்டு பதில்கள். எண்ணிக்கை பற்றியது முதல் பதில். ஒரு குடும்பம் என்ன தரும் என்று சொல்ல முடியாவிட்டாலும், நிகழ்தகவு நிலையாக இருந்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாகவே ஏறி இறங்கும். லட்சக்கணக்கில் செல்களைச் செய்யும் உறுப்புக்கு, ஒவ்வொரு செல்லையும் கட்டுப்படுத்துவதைவிட இது எளிய வழி. இரண்டாவது பதில் இடம் பற்றியது. பிறந்த செல்கள் பிறந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. கிடைமட்ட செல்களும் ஸ்டார்பர்ஸ்ட் எனும் அமாக்ரைன் செல்களும் தம் வகைச் செல்லை அடையாளம் கண்டு விலகி, ஏறக்குறைய சம இடைவெளியில் பரவுகின்றன. எலியில் இதற்கு எம்இஜிஎஃப்10 போன்ற மேற்பரப்புப் புரதங்கள் தேவை என்று ஜோஷுவா சேன்ஸின் ஆய்வகம் 2012இல் காட்டியது. மிகுதியாகப் பிறந்தவை கழிக்கவும் படுகின்றன. எலியில் கேங்லியான் செல்களில் பாதிக்கு மேல் வளர்ச்சியின்போதே மடிகின்றன. பிறப்பில் இருக்கும் தளர்வைப் பரவலும் மரணமும் பின்னர் இறுக்குகின்றன.

பெரும் வகைக்குள் இருக்கும் உட்பிரிவுகளிலும் இதே போக்கு தொடர்கிறது. எலி விழித்திரையில் கேங்லியான் செல்களில் மட்டும் சுமார் 45 உட்பிரிவுகள் உண்டு, இருமுனை செல்களில் 15, அமாக்ரைன் செல்களில் 60க்கும் மேல். கேங்லியான் செல் பிறந்தவுடன் தன் உட்பிரிவு எது என்று தீர்மானித்திருப்பதில்லை என்று சேகரும் சேன்ஸும் பிறரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பிரிவதை நிறுத்திய பிறகும் பல உட்பிரிவுகளாகும் வாய்ப்போடு தொடங்கி, நாட்கள் செல்லச்செல்ல அந்த வாய்ப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒன்றில் நிலைகொள்கிறது. முன்னோடிச் செல்லுக்கு நடந்த அதே குறுக்கம் அதன் மகளுக்குள்ளும் நடக்கிறது.

இது ஆய்வகத்தோடு நின்றுவிடும் செய்தி அல்ல. குளோகோமாவில் கேங்லியான் செல்களும், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் முதலில் குச்சி செல்களும் பின்பு கூம்பு செல்களும் அழிகின்றன. மனித விழித்திரை அவற்றைத் திரும்ப உண்டாக்குவதில்லை. வரிக்குதிரை மீனோ காயம் பட்டதும் முல்லர் கிளியாவை முன்னோடிச் செல்லாக மாற்றி எல்லா வகைகளையும் புதிதாகப் பெறுகிறது. 2017இல் ரேயின் குழு, முதிர்ந்த எலியின் முல்லர் கிளியாவில் மீன் பயன்படுத்தும் ஏஎஸ்சிஎல்1 என்ற காரணியை இயக்கி, குரோமாட்டின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தையும் சேர்த்து, ஒளிக்கு மறுமொழி தரும் நரம்புச் செல்களைப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை இருமுனை செல்களைப் போன்றவை, அதாவது முல்லர் கிளியாவோடு சேர்ந்து பிற்பகுதியில் பிறக்கும் வகை. 2020இல் பிளாக்ஷாவும் பிற ஆய்வாளர்களும் இணைந்து மீன், கோழி, எலி மூன்றையும் ஒப்பிட்டபோது, எலியின் முல்லர் கிளியாவை அசையவிடாமல் பிடித்திருப்பவற்றில் என்எஃப்ஐ காரணிகள் முக்கியமானவை என்று தெரிந்தது. கருவில் கடைசிப் பருவத்தைக் காத்த அதே காரணிகள் முதிர்ந்த கண்ணில் மீட்சிக்குத் தடையாக நிற்கின்றன.

ஒரு மரபணுவைக் கொடுத்தால் வேண்டிய செல் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நடக்கும் முயற்சிகள் இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன. பிற்பருவத்தில் நிற்கும் செல்லிடம் முற்பருவத்துக் கேங்லியான் செல்லைக் கேட்பதென்றால், முதலில் அதன் காலக்கணக்கைப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். இகாரோஸ் காட்டிய வழி அதுதான். பூட்டை மட்டும் திறக்க வேண்டிய இடங்களில் வேலை எளிது: 2017இல் ஸ்வரூப்பின் குழு, முதிர்ந்த எலியின் குச்சி செல்களில் என்ஆர்எல் மரபணுவை வெட்டி அவற்றைக் கூம்புத் தன்மைக்கு ஓரளவு நகர்த்தியபோது, பரம்பரைச் சிதைவு நோயுள்ள கண்களிலும் கூம்பு செல்கள் பிழைப்பது மேம்பட்டது. குச்சியும் கூம்பும் நெருங்கிய உறவு என்பதால் அங்கே பருவத்தை மாற்றத் தேவையில்லை. எனவே விழித்திரை மீட்பு பற்றி இனி வரும் எந்த அறிவிப்பையும் மூன்று கேள்விகளால் எடைபோடலாம்: எந்தப் பருவத்துச் செல்லிலிருந்து தொடங்கினார்கள், எந்தப் பருவத்து வகையைக் கேட்டார்கள், இடைப்பட்ட காலத்தை எப்படிக் கடந்தார்கள். மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத அறிவிப்பை நம்பி நோயாளிக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.